அரசுத் தரப்பு வழக்கறிஞர் வேலை: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு வகையில் பிராசிக்யூட்டரை, அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞரை, சந்திக்கின்றன. ஒன்று, பிள்ளை சட்டம் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போக ஆசைப்படும்போது. இன்னொன்று, வீட்டில் ஒருவர் புகார்தாரராகவோ சாட்சியாகவோ நீதிமன்றப் படியேறும்போது. இரண்டு தரப்பும் கேட்பவை இங்கே கலந்தே இருக்கின்றன. ஊர்ப்பக்கம் கோர்ட்டுத் தமிழில் சொல்வதுபோலக் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதியிருக்கிறோம். அது தீர்ப்பு அல்ல, வழக்கில் அவர் நிற்கும் இடம்.

பிராசிக்யூட்டர் போலீஸைச் சேர்ந்தவரா, நீதிமன்றத்தைச் சேர்ந்தவரா?

இரண்டும் இல்லை. போலீஸ் புலனாய்வு செய்கிறது, மாஜிஸ்திரேட் தீர்ப்பளிக்கிறார், வழக்குத் தொடரலாமா வேண்டாமா என்பதை பிராசிக்யூட்டர் முடிவு செய்கிறார். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 179ஆவது பிரிவும் 1998ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டமும் இந்த அதிகாரத்தைத் தேசிய வழக்குத்தொடர் ஆணையத்திடம் தந்திருக்கின்றன. எல்லோரும் அதை என்.பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். தலைமையில் ஒரு தேசிய இயக்குநர் இருக்கிறார். அவருக்குக் கீழே ஒவ்வொரு உயர் நீதிமன்ற எல்லைக்கும் ஓர் இயக்குநர் உண்டு. குவாசுலு நட்டாலுக்கானவரின் தலைமையகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

ஜூரி எங்கே என்று கேட்பவர்களுக்கு: இந்த நாட்டில் 1969லேயே அது ஒழிந்துவிட்டது. பிராசிக்யூட்டர் பேசுவது பெரும்பாலும் சட்டம் தெரிந்த ஒருவரிடம்தான். சினிமாவில் பார்க்கும் வசனமும் கைவீச்சும் இங்கே செல்லாது.

மகள் எல்.எல்.பி. முடிக்கப்போகிறாள். எப்படிச் சேர்வது?

நான்கு வருட எல்.எல்.பி. பட்டம் கையில் இருக்க வேண்டும். குற்றப் பதிவு இருக்கக்கூடாது. என்.பி.ஏ. புதியவர்களுக்கென்று ‘ஆஸ்பிரண்ட் பிராசிக்யூட்டர்’ என்ற 12 மாதப் பயிற்சி நடத்துகிறது. அதில் இடம் கிடைத்தால் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். முதலில் பார்ப்பது, பிறகு வாய்தா கேட்பது, பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சின்ன வழக்குகள், அப்புறம்தான் விசாரணை. பயிற்சி முடிந்தாலே வேலை நிச்சயம் என்று எண்ண வேண்டாம். காலியிடம் வரும்போது அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான்: சான்றொப்பம் இல்லாத பட்டச் சான்று, காலாவதியான நகல், கடைசித் தேதி தாண்டிப் போன கடிதம். காகிதத்தைக் கவனிக்கத் தெரியாதவர் இந்த வேலைக்குச் சரிப்படமாட்டார் என்று தேர்வாளர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இந்த மாகாணத்தில் இன்னொன்றும் உண்டு. இசிசுலு, அதாவது ஜூலு மொழி, தெரிந்தவருக்கு வேலை பாதியாகக் குறையும். மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கு முன்பே சாட்சி என்ன சொன்னார் என்று காதில் விழுந்துவிடும்.

மேலே போகும் படிகள் என்ன?

மாவட்ட நீதிமன்றம், பிராந்திய நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று மூன்று மேடைகள். மாவட்ட நீதிமன்றம் 3 ஆண்டு சிறையும் 1,20,000 ரேண்ட் அபராதமும் வரைதான் விதிக்க முடியும். கொலை, பாலியல் வன்கொடுமை, தேசத்துரோகம் அங்கே வராது. பிராந்திய நீதிமன்றத்துக்கு 15 ஆண்டும் 6,00,000 ரேண்டும் எல்லை. ஆனால் குறைந்தபட்சத் தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு அங்கேயே ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். கொலை வழக்கு என்றாலே உயர் நீதிமன்றம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கொலை வழக்குகளில் பெரும்பாலானவை பிராந்திய நீதிமன்றத்திலேயே முடிகின்றன. உயர் நீதிமன்றத்தில் வாதாடுபவருக்கு ஸ்டேட் அட்வகேட் என்று பெயர். அதற்கு மேல் மூத்த ஸ்டேட் அட்வகேட், துணை இயக்குநர், இயக்குநர்.

இந்த ஏணி எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். டர்பனில் பிறந்த ஷமிலா பட்டோஹி 1986ல் சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இளநிலை பிராசிக்யூட்டராகத் தொடங்கியவர். ஹான்சி குரோனியே கிரிக்கெட் சூதாட்ட விவகாரத்தை விசாரித்த கிங் ஆணையத்தில் 2000ஆம் ஆண்டு சாட்சிகளைக் கேள்வி கேட்டவர் அவர்தான். பிறகு குவாசுலு நட்டாலின் இயக்குநரானார். 2009ல் ஹேக் நகரத்து சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 பிப்ரவரியில் தேசிய இயக்குநராகத் திரும்பி வந்தார். கடைத்திருட்டு வழக்கிலிருந்து தேசிய இயக்குநர் நாற்காலி வரை 33 ஆண்டுகள். நடுவில் குறுக்குவழி எதுவும் இல்லை.

முப்பது வருட அனுபவசாலிக்கும் மூன்று வருடக்காரருக்கும் வித்தியாசம் எங்கே தெரியும்?

மேடைப் பேச்சில் தெரியாது. டாக்கெட்டைத் திறக்கும் விதத்தில் தெரியும்.

டாக்கெட் என்பது போலீஸ் கொண்டுவரும் வழக்குக் கட்டு. மூன்று பகுதி கொண்டது. ‘ஏ’ பகுதியில் சாட்சி வாக்குமூலங்களும் நிபுணர் அறிக்கைகளும், ‘பி’ பகுதியில் உள் கடிதங்கள், ‘சி’ பகுதியில் புலனாய்வு நாட்குறிப்பு. புதியவர் ஏ 1ஐ, அதாவது புகார்தாரரின் வாக்குமூலத்தை, கதை படிப்பதுபோலப் படிப்பார். பழையவர் முதலில் ‘சி’யைத் திருப்புவார். எந்தத் தேதியில் என்ன செய்யச் சொல்லப்பட்டது, எது இன்னும் செய்யப்படவில்லை, எந்த வாரத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும். அந்த வெற்றிடத்தில்தான் காணாமல் போன கேமரா பதிவு இருக்கும். கடைக்காரரின் கருவி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதியிருக்கும்.

அடுத்து ஒரு வெள்ளைத்தாள். சாட்டப்போகும் குற்றத்துக்குச் சட்டம் கேட்கும் கூறுகளை ஒவ்வொன்றாக இடதுபக்கம் எழுத வேண்டும். ஆயுதக் கொள்ளை என்றால் வன்முறை அல்லது மிரட்டல், பொருள் பறிபோனது, ஆயுதம், ஆள் அடையாளம், எண்ணம். எதிர்ப்பக்கம், அதை எந்தச் சாட்சி, எந்தப் பக்கத்தில் சொல்கிறார் என்று எழுத வேண்டும். எதிரே ஒன்றும் எழுத முடியாத வரிதான் வழக்கு தோற்கப்போகிற இடம். அதைத் தெரிந்துகொண்ட அன்றே ‘சி’ பகுதியில் புலனாய்வு அதிகாரிக்கு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். வாயால் சொன்னது வாயோடு போய்விடும்.

பிறகு அலுப்பான வேலை. ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் சத்தியப் பிரமாணம் செய்வித்த அதிகாரியின் கையெழுத்து, தேதி, இடம் இருக்கிறதா? மருத்துவர் நிரப்பும் ஜே 88 படிவத்தில் காயத்தின் இடமும் வாக்குமூலத்தில் சொன்ன இடமும் ஒத்துப்போகின்றனவா? இடது தோள் என்று இவர், வலது தோள் என்று அவர் எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒரு மணி நேரத் தீனி.

பிடிபட்டது கஞ்சாதான், துப்பாக்கிதான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் ஏன் விடுதலை?

பொருளின் பயணம் அறுந்து போனதால். கைப்பற்றிய கான்ஸ்டபிள் அதை எண் அச்சிட்ட முத்திரைப் பைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். அந்த எண்ணைத் தன் வாக்குமூலத்தில் எழுத வேண்டும். காவல் நிலையத்தின் பொருள் பதிவேடான எஸ்.ஏ.பி. 13இல் அது ஏற வேண்டும். அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போகும். நம் மாகாணத்துக்கு அமன்சிம்டோட்டியில் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. ஆய்வாளர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 212ஆவது பிரிவின்படி (சட்டத்தின் பெயர் சொல்லாமல் இனி வரும் பிரிவு எண்களும் இதிலிருந்தே) தரும் பிரமாணப் பத்திரத்தில், பை முத்திரை குலையாமல் வந்தது, எண் இன்னது என்று எழுதுவார். வாக்குமூலம், பதிவேடு, ஆய்வக அறிக்கை மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும். எட்டு இலக்கத்தில் இரண்டு இடம் மாறியிருந்தால், ஆய்வகம் பார்த்தது இந்தப் பொருளைத்தானா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியின் பலன் எதிரிக்கே.

சரி செய்ய முடியுமா? விசாரணைக்கு முன்னால் கண்டுபிடித்தால் முடியும். எழுதிய கான்ஸ்டபிளிடம் கூடுதல் வாக்குமூலம் வாங்கி, தவறு எப்படி நேர்ந்தது என்று பதிவேட்டோடு விளக்க வைக்கலாம். கூண்டில் நிற்கும்போது தெரிந்தால் அநேகமாகக் கதை முடிந்தது.

ஒப்புதல் வாக்குமூலமும் இப்படித்தான் கை நழுவும். சாதாரண கான்ஸ்டபிளிடம் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னது, மாஜிஸ்திரேட் முன்போ சட்டம் அனுமதிக்கும் அதிகாரி முன்போ மறுபடி சொல்லி எழுத்தில் ஏறாதவரை, சாட்சியமாக ஏற்கப்படாது. அடித்து வாங்கினார்கள் என்று எதிரி சொன்னால் விசாரணைக்குள் ஒரு தனி விசாரணை நடக்கும். அடிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புக்கு.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் சரளம். போலீஸ் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிட வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் வந்து இறங்கிய நாளிலிருந்து நட்டால் நீதிமன்றங்களுக்குத் தமிழ் புதிதல்ல. ஆனால் இன்று நான்காம் ஐந்தாம் தலைமுறை ஆங்கிலத்தில் பேசுகிறது. தமிழில் சாட்சி சொல்லும் தேவை சில வயதானவர்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கும்தான். அதனால் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பையன் மொழிபெயர்ப்பான். கான்ஸ்டபிள் தன் ஆங்கிலத்தில் எழுதுவார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே போலீஸிடம் சொல்லும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. இங்கே அது சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். அதன் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். 1995ல் ஷபலாலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் டாக்கெட்டைப் பூட்டி வைக்கும் பழைய வழக்கத்தை உடைத்ததிலிருந்து, எதிரிக்கு எதிரான வாக்குமூலங்களை அவர் கையில் கொடுப்பதுதான் பொது வழக்கம். கூண்டில் அம்மா ஒன்று சொல்லி, தாளில் வேறொன்று இருந்தால், ‘அன்று பொய்யா, இன்று பொய்யா?’ என்றுதான் முதல் கேள்வி வரும்.

தமிழ் எங்கே இடறும் என்று பாருங்கள். ‘வீட்டுக்காரர் அடிச்சார்’ என்று ஒரு பெண் சொல்கிறார். கணவரா, வாடகைக்கு விட்டவரா? கணவர் என்றால் குடும்ப வன்முறை வழக்கு, பாதுகாப்பு ஆணை கேட்கும் வழி உண்டு. வீட்டு உரிமையாளர் என்றால் வழக்கின் முகமே வேறு. ‘அவங்க வந்து கதவை உடைச்சாங்க’ என்றால் வந்தது மரியாதைக்குரிய ஒருவரா, பலரா? கான்ஸ்டபிள் பன்மையில் எழுதிவிடுவார். நீதிமன்றத்தில் அம்மா ஒரே ஆளைக் கைகாட்டுவார். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று வக்கீல் எழுவார். ‘அண்ணன்’ கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், தெருமுனைக் கடைக்காரராகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை: மொழிபெயர்த்தவர் தன் பெயரோடு, தமிழிலிருந்து உண்மையாக மொழிபெயர்த்தேன் என்று தனி வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அதுவும் டாக்கெட்டில் ஏற வேண்டும். கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளடக்கம் தெரியுமா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, சத்தியம் உங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று அதிகாரி மூன்று கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் முத்திரை குத்தினால் நிறுத்திக் கேளுங்கள். தவறு தெரிந்தால் அடித்துத் திருத்தி ஓரத்தில் சுருக்கொப்பம் இடலாம். பின்னால் தெரிந்தால் பிராசிக்யூட்டரிடம் விசாரணைக்கு முன்பே சொல்லுங்கள், கூடுதல் வாக்குமூலம் எடுக்கலாம்.

நீதிமன்றத்தில் இசிசுலு மொழிபெயர்ப்பாளர் தினமும் இருப்பார். தமிழுக்கு வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். தேதி குறிக்கும் நாளிலேயே பிராசிக்யூட்டர் கேட்டுப் பதிவு செய்யாவிட்டால், விசாரணை நாளன்று எல்லோரும் வந்து நின்று, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று வாய்தா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சாமி படத்தின் மேல் சத்தியம் செய்ய விருப்பமில்லை என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இங்கே படமும் கிடையாது, கீதையும் கிடையாது. சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லவும் சட்டம் இடம் தருகிறது.

வெள்ளிக்கிழமை கைது செய்தார்கள். திங்கட்கிழமை வரை வைத்திருக்கலாமா?

கைதான 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்த நேரம் நீதிமன்றம் இயங்காத வேளையில் முடிந்தால், அடுத்த நீதிமன்ற நாள் முடிவதற்குள் நிறுத்தினால் போதும். அதனால் வெள்ளி மாலைக் கைது திங்கள் வரை நீளலாம்.

சின்னக் குற்றங்களில் நிலையத்திலேயே போலீஸ் பிணை உண்டு. அதற்கு அடுத்த வரிசைக் குற்றங்களில், 59ஏ பிரிவின்படி, அதிகாரம் பெற்ற பிராசிக்யூட்டர் நீதிமன்றம் திறக்குமுன்பே பிணை கொடுக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. இரவுப் பணியில் ஒரு பிராசிக்யூட்டர் இருப்பார், நிலையத்தில் கேட்க வேண்டும்.

பெரிய குற்றத்தில், அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எந்த அட்டவணையில் வருகிறது என்பதுதான் எல்லாம். ஐந்தாம் அட்டவணை என்றால், விடுவது நீதியின் நலனுக்கு உகந்தது என்று எதிரி காட்ட வேண்டும். திட்டமிட்ட கொலை போன்ற ஆறாம் அட்டவணை என்றால் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ காட்ட வேண்டும். பிராசிக்யூட்டர் தொடக்கத்திலேயே அட்டவணையைப் பதிவில் சொல்லாமல் விட்டால், பாரம் யார்மேல் என்பதே குழம்பும். மேல்முறையீட்டில் அது திரும்பி வந்து கடிக்கும்.

பிராசிக்யூட்டர் எங்கள் வக்கீல்தானே? ஏன் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை?

அவர் உங்கள் வக்கீல் அல்ல. இந்த ஒரு தப்பெண்ணத்தால்தான் குடும்பங்களுக்கும் பிராசிக்யூட்டர்களுக்கும் இடையே பாதி மனக்கசப்பு. ‘அச்சமோ சார்போ தப்பெண்ணமோ இன்றி’ பணி செய்வேன் என்று உறுதிமொழி எடுத்தவர் அவர். எதிரிக்குச் சாதகமான சாட்சியம் டாக்கெட்டில் இருந்தால் அதையும் வெளியே வைக்கக் கடமைப்பட்டவர். தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் அவருடைய அளவுகோல். குடும்பத்தின் கோபம் அல்ல. ஆனால் உங்களைச் சந்தித்து, வழக்கின் நிலையைச் சொல்லி, விசாரணைக்கு முன் உங்களோடு உட்கார்ந்து பேசுவது அவர் கடமை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காலையில் ரோல், அதாவது அன்றைய வழக்குப் பட்டியல், கூப்பிடும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். அன்று அவர் மேசையில் பத்துப் பதினைந்து கட்டுகள் இருக்கும். மதியத்துக்கு மேல், வழக்கு எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

வழக்கை ‘வாபஸ்’ வாங்கிவிட்டார்கள். முடிந்ததா?

எப்போது வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று பதில் சொல்வதற்கு முன்னால் 6(அ) பிரிவில் வாபஸ் பெற்றால் அது தற்காலிகம். சாட்சியம் சேர்ந்ததும் மீண்டும் தொடங்கலாம். பதில் சொன்ன பிறகு 6(ஆ) பிரிவில் நிறுத்தினால் எதிரிக்கு விடுதலைத் தீர்ப்பு. திரும்ப இழுக்க முடியாது. அதனால்தான் அதற்கு இயக்குநரின் அனுமதி தேவை.

வழக்குத் தொடர மறுத்தால், மூத்த பிராசிக்யூட்டருக்கும் பிறகு இயக்குநருக்கும் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். உணர்ச்சியைக் குறைத்து, எந்தச் சாட்சியம் கவனிக்கப்படவில்லை என்று பக்க எண்ணோடு எழுதினால் படிப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் ‘வழக்குத் தொடர மாட்டோம்’ என்ற சான்றிதழ் வாங்கி, பாதிக்கப்பட்டவரே தனி வழக்குத் தொடரலாம். சான்றிதழுக்கு ஆயுள் 3 மாதம். செலவு உங்களுடையது. யோசித்து இறங்குங்கள். கொலை, ஆயுதக் கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. எத்தனை ஆண்டு கழித்தும் வழக்கு எழும்.

எதிரியோடு பேரம் பேசுவது சரியா?

105ஏ பிரிவு அனுமதிக்கிறது. எழுத்துபூர்வ அதிகாரம் பெற்ற பிராசிக்யூட்டர்தான் செய்யலாம். குற்றமும் தண்டனையும் எழுத்தில் ஒப்பந்தமாகும். புகார்தாரருக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நீதிபதி பேச்சுவார்த்தையில் கலக்க மாட்டார். தண்டனை நியாயமில்லை என்று அவர் கருதினால் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். வழக்கு வேறொரு நீதிபதி முன் புதிதாகத் தொடங்கும். அனுபவசாலிகள் பலவீனமான வழக்கில் மட்டும் இதைச் செய்வதில்லை. சின்னக் குழந்தை கூண்டில் ஏற வேண்டிய வழக்கில், குழந்தையைக் காப்பாற்றவும் செய்வார்கள்.

நம் ஊரில் அப்ரூவர் என்று சொல்வோமே, அது இங்கே 204ஆவது பிரிவு. கூட்டாளி ஒருவர் வெளிப்படையாகவும் நேர்மையாகவும் பதில் சொன்னால் அந்தக் குற்றத்திலிருந்து அவரை நீதிமன்றம் விடுவிக்கும். விடுவிப்பது நீதிமன்றம், பிராசிக்யூட்டர் அல்ல. முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிற பிராசிக்யூட்டர் சாட்சியையும் கெடுத்துத் தன்னையும் மாட்டிக்கொள்கிறார்.

விசாரணையில் நல்ல பிராசிக்யூட்டர் எப்படிக் கேட்பார்?

தன் சாட்சியிடம்: ‘அப்புறம் என்ன நடந்தது?’ இதைவிடச் சிறந்த கேள்வி இல்லை. பதிலை வாயில் ஊட்டும் கேள்வி தன் சாட்சியிடம் கேட்கக்கூடாது. அடையாளம் சார்ந்த வழக்கில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம், எத்தனை நேரம் பார்த்தார், முன்பே தெரிந்தவரா, முகத்தை மறைத்தது ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாக எடுப்பார். ‘ஐந்து அடி’ என்று சாட்சி சொன்னால் நம்ப மாட்டார். நீதிமன்ற அறைக்குள்ளேயே கைகாட்டச் சொல்லி, அதைச் சுமார் இத்தனை மீட்டர் என்று பதிவில் ஏற்றுவார். சாட்சி கைகாட்டியது ஒலிப்பதிவில் விழாது என்பதை மறந்தவர்களின் வழக்குகள் மேல்முறையீட்டில் ஊமையாகிவிடுகின்றன.

ஒரே சாட்சி இருந்தாலும் தண்டிக்கலாம் என்கிறது 208ஆவது பிரிவு. ஆனால் அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் மிகுந்த எச்சரிக்கையோடு எடைபோடும்.

குழந்தைச் சாட்சி என்றால் முதலில் உண்மை, பொய் வித்தியாசம் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டு, உண்மை சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிக் குதித்ததால் பிறகு கவிழ்ந்த தண்டனைகள் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர் தனியறையில் இருந்து, இடையாள் ஒருவர் வழியாகச் சாட்சி சொல்ல 170ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். பிராசிக்யூட்டர் அதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

எதிரியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, ‘சாட்சி ஏன் உன்மேல் பொய் சொல்ல வேண்டும்?’ என்று கேட்பது புதியவர்களுக்குப் பிடித்த கேள்வி. கேட்கக்கூடாத கேள்வி. அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு எதிரிக்கு இல்லை. குரலை உயர்த்துவதும் வீண். தட்டச்சுப் பிரதியில் குரல் தெரியாது.

ஆயுள் தண்டனை வரவேண்டிய வழக்கில் 15 ஆண்டுதான் வந்தது. ஏன்?

தூக்கு 1995லேயே ஒழிந்தது. இன்று உச்சம் ஆயுள். முன்பு சொன்ன குறைந்தபட்சத் தண்டனைச் சட்டமான 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டம், 51ஆவது பிரிவு, திட்டமிட்ட கொலைக்கு ஆயுளும், ஆயுதக் கொள்ளைக்கு முதல் தடவை 15, இரண்டாம் தடவை 20, அதற்கு மேல் 25 ஆண்டும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. ‘கணிசமான, வலுவான காரணங்கள்’ இருந்தால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குற்றப்பத்திரிகையில் தவறான உட்பிரிவைக் குறிப்பிடுவது. 51(1) என்று வர வேண்டிய இடத்தில் 51(2) என்று அடித்தால், ஆயுள் வரும் என்ற எச்சரிக்கை எதிரிக்குக் கிடைக்கவில்லை, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று வாதிட இடம் உண்டாகிறது. ஒரு இலக்கம், பல ஆண்டுகள்.

தோற்றால் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாமா?

தண்டனை போதவில்லை என்று செய்யலாம். விடுதலையை எதிர்த்து, சாட்சியை நம்பாதது தவறு என்று போக முடியாது. சட்டப் பிரச்சினையில் மட்டும்தான் போகலாம். உலகமே பார்த்த உதாரணம், காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு. விசாரணை நீதிமன்றம் அதைக் கொலை அல்ல, கவனக்குறைவான மரணம் என்றது. கெரி நெல் தலைமையிலான அரசுத் தரப்பு 319ஆவது பிரிவில் சட்டக் கேள்வி எழுப்பியது: சாவு நேரலாம் என்று தெரிந்தே துணிந்து சுட்டால் அது கொலை எண்ணம் ஆகாதா? 2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலை என்றது. அதற்குப் பிறகு விதித்த 6 ஆண்டுத் தண்டனையும் குறைவு என்று திரும்பப் போனார்கள். 2017ல் 13 ஆண்டு 5 மாதமானது. தோற்ற அன்று மாலையே கோபத்தில் எழுதும் மனுவால் இது வராது. எது உண்மை பற்றிய முடிவு, எது சட்டம் பற்றிய முடிவு என்று தீர்ப்பைக் கீறிப் பிரிக்கத் தெரிந்தால்தான் வரும்.

அரசியல் அழுத்தம் இருக்குமா?

மேல்மட்டத்தில் இருந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. தேசிய இயக்குநரின் பதவிக்காலம் நீட்டிக்க முடியாத 10 ஆண்டு. அதை முழுதாக முடித்தவர் ஒருவரும் இல்லை. 2012ல் மென்சி சிமெலானேயின் நியமனத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. சுமார் 1.73 கோடி ரேண்ட் கொடுத்து ம்சொலிசி ந்க்சசானாவை வெளியேற்றியது செல்லாது என்று 2018ல் அதே நீதிமன்றம் சொன்னது. கீழே மாவட்ட நீதிமன்றத்தில் அழுத்தம் வேறு வகை: ஊர்ப் பெரியவர், கோயில் கமிட்டிக்காரர், சொந்தக்காரர். தெரிந்தவர் வழக்கு வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவரிடம் கட்டை மாற்றிவிடுவதுதான் முறை.

பிற்காலத்தில் வேறு வழி உண்டா?

மாஜிஸ்திரேட் ஆகலாம், தனி வக்கீலாகலாம், நீதிபதி வரை போகலாம். தலைமை நீதிபதியாக இருந்த பயஸ் லங்கா, நீதித் துறையில் மொழிபெயர்ப்பாளராகவும் பிராசிக்யூட்டராகவும் மாஜிஸ்திரேட்டாகவும் வேலை பார்த்தவர்தான். போகிறவர் பாதி விசாரணை நடந்த வழக்குகளை முடித்துவிட்டோ, ஒவ்வொரு கட்டுக்கும் குறிப்பு எழுதி ஒப்படைத்துவிட்டோ போவார்.

வழக்கு நல்லபடியாக முடிந்தது. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம். முறுக்குத் தட்டாக இருந்தாலும் அவர் வாங்க முடியாது. வாங்கினால் எதிர்த்தரப்பு மேல்முறையீட்டில் அதுவும் ஒரு பத்தியாக வரும். நன்றி சொல்ல விரும்பினால் அவருடைய மூத்த பிராசிக்யூட்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அது அவர் கோப்பில் ஏறும். காவடித் திருவிழாவில் பார்த்தால் வணக்கம் சொல்லலாம், பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கலாம். வழக்குப் பேச்சை எடுத்தால் எழுந்து தண்ணீர்ப் பந்தல் பக்கம் போய்விடுவார். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.